மாத்தளைக் கோச்சியில் பேராதனைக்கு

பேராதனைச் சந்தியில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து, கண்டி நகருக்குள் நுழைந்து மறுபக்கமாக வெளியேறி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, வத்தேகம, உக்குவெல என்று ஓடி மாத்தளையோடு நின்றுவிடுகிறது அந்தத் தண்டவாளம். அதற்கு வடக்கே அந்த வழியில் ரயில் கிடையாது. கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது. மாத்தளைக்கு வர 1880 ஆனது. தோட்டங்களின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரர் இதைப் போட்டார்கள். ஆனால் 1869இல் தலைகாட்டிய இலைநோய், பாதை வந்து சேர்ந்த நேரத்தில் கோப்பியைத் தின்று முடிக்கும் நிலையில் இருந்தது. பிறகு கொக்கோ ஏறியது, தேயிலை ஏறியது, இறப்பர் ஏறியது. இன்று காலைக் கோச்சியில் ஏறுகிறவர்கள் கண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். அவர்களோடு, பையும் வாளியும் சுருட்டிய பாயுமாக, சில புதிய பல்கலைக்கழக மாணவர்கள்.

மாத்தளை பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம் பேர் வாழும் மாவட்டம் இது. அதன் தெற்குப் பாதிக்குப் பல்கலைக்கழகம் என்றால் பேராதனை. இந்த ரயில் பாதையிலேயே, கண்டிக்கு அப்பால், வளாகத்துக்கென்று ‘சரசவி உயன’ என்ற நிறுத்தம் இருக்கிறது. மாத்தளையில் ஏறினால் அங்கே போய் இறங்கலாம். பேராதனை வளர்ந்த கதையைப் புத்தகங்களில் பலமுறை படித்திருக்கிறேன். அதை மாத்தளைப் பக்கமிருந்து, இந்தத் தண்டவாளத்தின் வழியே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ரயிலுக்கு முந்திய நாளை மாத்தளையில் கழித்தேன். முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் நூறு அடியைத் தாண்டிய உயரம். பிரதான வீதியில் வருகிற எவர் கண்ணிலும் அதுதான் முதலில் படும். மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் ஊர் சுற்றுகிற கோயில். 1983 ஜூலை இனக்கலவரத்தில் இது தீக்கு இரையானது. திரும்பவும் கட்டியெழுப்பினார்கள். இக்கோயில் இங்கே நிற்பதற்குக் காரணம் ஒரு நடைபாதை. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் தாண்டி, 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து சேர்ந்த முதல் மலையூர் மாத்தளை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. உயிரோடு வந்தவர்கள் இங்கே மூச்சு வாங்கி, பிறகு ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ என்று மலையேறினார்கள். மலையகத் தமிழருக்கு மாத்தளைதான் வாசற்படி.

மறுநாள் காலை ரயில் ஏறுமுன், ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் போய் அலுவிகாரையைப் பார்த்தேன். பெரும் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்க, அவற்றின் இடுக்குகளில் குகைகள். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வாட்டியபோது, வாய்வழியாக மட்டுமே வந்த பௌத்தத் திரிபிடகத்தைப் பிக்குமார் கூடி ஏட்டில் எழுதிய இடம் இது என்பது மரபு. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் செத்துவிட்டால் அறிவும் செத்துவிடும் என்ற அச்சம் அவர்களை எழுத வைத்திருக்கிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கியபோது ஆங்கிலேயர் படை இந்த விகாரையின் ஏடுகளையும் அழித்ததாகச் சொல்கிறார்கள்.

இப்போதும் அங்கே ஒருவர் எழுதிக்காட்டுகிறார். பதப்படுத்திய ஓலையை இடது கையில் பிடித்துக்கொண்டு, இடக்கைப் பெருவிரலின் நகத்தருகே எழுத்தாணியின் முனையை அண்டக்கொடுத்து, ஆணியை அசைக்காமல் ஓலையை நகர்த்தி எழுதுகிறார். எழுதி முடித்ததும் ஓலையில் ஒன்றுமே தெரியவில்லை, நகக்கீறல் மாதிரிச் சில வரிகள்தான். கரி கலந்த எண்ணெயை அதன்மேல் பூசி, மா தூவித் துடைத்தார். கறுப்பெல்லாம் கீறலுக்குள் ஒதுங்க, எழுத்துகள் எழுந்து வந்தன. என் பெயரைத் தமிழில் எழுத முடியுமா என்று கேட்டேன். “நீங்க எழுதித் தாங்க, பார்த்து எழுதுறன்” என்றார். தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லாமல் எழுதினார்.

காலைக் கோச்சியில் எனக்கு எதிரே ஒரு தகப்பனும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. புதிதாகத் தைத்த சட்டையின் மடிப்பு கலையாமல் அவர் நிமிர்ந்தே இருந்தார். மகளின் மடியில் ஒரு கோப்பு: பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பம்.

“எங்க போறீங்க அண்ணே?” என்றேன்.

“கெம்பஸுக்குங்க. புள்ளைக்குப் பேராதனை கெடைச்சிருக்கு.” அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பெட்டியில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கலைப்பீடம். புவியியல் படிக்க விருப்பம் என்றாள். ஏன் புவியியல் என்று கேட்டேன். “எங்க லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு அங்கிள். மழை பேஞ்சா எல்லாரும் பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கிறோம். அது ஏன் எங்க பக்கமே சரியுதுன்னு படிக்கணும்.” சாதாரண தரத்தில் கணிதத்தில் அவளுக்கு ‘ஏ’. ஆனால் எட்டக்கூடிய தூரத்தில் தமிழ் மொழியில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை. தங்கிப் படிக்கக் காசில்லை. அதனால் கலைப் பிரிவு. தோட்டப் பிள்ளைகளில் பல்கலைக்கழகம் போகிறவர்களிலே பெரும் பகுதி கலைப்பீடத்துக்கே போவதன் காரணத்தை, எந்த ஆய்வறிக்கையையும்விட அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

வத்தேகமவைத் தாண்டியதும் இடப்புறம் நிலம் அகன்று விரிகிறது. அது தும்பறைப் பள்ளத்தாக்கின் ஓரம். இலங்கையின் பல்கலைக்கழகம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் எழும்பியிருக்க வேண்டியது.

அந்தக் கதை 1906இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் அமைந்தது. கேம்பிரிட்ஜில் படித்த அருணாசலம், படிக்க வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும் என்ற நிலைமையை மாற்றப் பிடிவாதமாக நின்றார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். சொந்தமாகப் பட்டம் கொடுக்க அதற்கு அதிகாரமில்லை. மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையைத்தான் எழுதினார்கள். முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்பதில் பெரிய சண்டை மூண்டது. கொழும்பே போதும் என்றது ஒரு தரப்பு. நகரத்துச் சந்தடிக்கு வெளியே, மாணவரும் ஆசிரியரும் கூடி வாழும் இடம் வேண்டும் என்றது மற்றது. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிப் பக்கத்துக்காகத் தம் பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1920களின் கடைசியில் சட்ட நிரூபண சபை தும்பறையை ஏற்றது. அதன் பிறகும் உயன்வத்தை, அறுப்பொலை என்று இடங்கள் மாறின. பத்தாண்டு இழுபறிக்குப் பின் பேராதனையில் வந்து முடிந்தது. அருணாசலம் இந்த முடிவைப் பார்க்கவில்லை, 1924இலேயே காலமாகிவிட்டார்.

நான் இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லச் சொல்ல, தகப்பன் கவனமாகக் கேட்டார். “அப்ப தும்பறையில கட்டியிருந்தா எங்களுக்கு இன்னும் கிட்டங்க” என்றார். உண்மைதான், சில மைல் கிட்டம். ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சில மைல் தோட்டத்துப் பிள்ளைக்கு எந்தக் கதவையும் திறந்திருக்காது.

1942 ஜூலை 1இல் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவானது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆயிரத்துக்கும் குறைவான மாணவரோடு கொழும்பிலேயே வேலையைத் தொடங்கியது. முதல் உபவேந்தர் அரசியலமைப்புச் சட்ட அறிஞரான ஐவர் ஜெனிங்ஸ். நாட்டின் சுதந்திர அரசியலமைப்பை வரைவதில் கைகொடுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார் சுவாமி விபுலானந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1947இல் அவர் மறைந்த பின் க. கணபதிப்பிள்ளை தமிழ்த்துறைக்குத் தலைமை ஏற்றார். 1945 ஒக்டோபர் 1 முதல், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. இந்தத் தீவில் அதைவிடப் பெரிய கொடை வேறெதுவும் நடந்ததில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கொடை தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலை அப்போது தோட்டத்துரையின் பொறுப்பு. ஒரே அறையில், ஒரே வாத்தியாரிடம், ஐந்தாம் வகுப்பு வரை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அவர்களது பாடசாலைகளை அரசு ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி மாத்தளை நகரத்திலிருந்து ரத்தோட்டை மலைக்கு ஏற முப்பது ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

கண்டியில் கூட்டம் இறங்கியது. சரசவி உயனவில் நாங்கள் இறங்கினோம். சின்ன நிறுத்தம். மேடையிலிருந்து இறங்கினால் மரநிழல். பாயையும் வாளியையும் நான் வாங்கிக்கொண்டேன். தகப்பன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கோப்பை மட்டும் மகள் யாருக்கும் கொடுக்கவில்லை.

பேராதனை வளாகத்துக்கு எழுநூறு ஹெக்டயர் அளவு நிலம். ஒருபக்கம் ஹந்தானை மலை, நடுவே மகாவலி. சேர் பற்றிக் அபெர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹொலிடேயும் 1940இல் திட்டம் வரைந்தார்கள். அதைக் கட்டடமாக்கியவர் ஷெர்லி டி அல்விஸ் என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர். கண்டி இராச்சியத்துக் கூரைகளின் சாய்வும், அரச சபா மண்டபத்தின் தூண் வரிசையும் செனட் கட்டடத்தில் புது உருவம் எடுத்திருக்கின்றன. மழை நாட்டுக்கான கட்டடங்கள் இவை. அகன்ற கூரையும் திறந்த நடைகளுமாக, எந்த மழையிலும் நனையாமல் ஒரு துறையிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். 1949இல் சட்டத்துறையும் விவசாயபீடமும் முதலில் இடம்மாறின. 1952 ஒக்டோபரில் பல்கலைக்கழகமே கொழும்பிலிருந்து இங்கே குடியேறியது. அல்விஸ் அதே 1952இல் காலமானார். 1954 ஏப்ரல் 20இல் எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் திறந்துவைத்தபோது, கட்டியவர் அதைப் பார்க்க இல்லை.

விடுதிகளுக்கு மண்டபம் என்று பெயர். அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம், ஜயதிலக மண்டபம், அக்பர் மண்டபம், சங்கமித்தை மண்டபம். அருணாசலம் மண்டபத்தின் வாசலில் தகப்பன் நின்று பெயரை வாசித்தார். “ரயில்ல சொன்னீங்களே, அந்த ஐயாவா?” என்றார். ஆமென்றேன். செருப்பைக் கழற்றாத குறையாக அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளின் பதிவு வரிசை நீண்டதாக இருந்தது. அதற்குள் நான் வளாகத்தைச் சுற்றினேன். கலைப்பீடத்துக்கு மேலே சரத்சந்திர திறந்தவெளி அரங்கு. புல் படிகள் சரிவில் இறங்க, மரங்களே பின்திரை. எதிரிவீர சரத்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தால் சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டது இந்த வளாகத்தில் இருந்துகொண்டுதான். அதைப் பார்த்த தமிழ்த்துறை சும்மா இருக்கவில்லை. சு. வித்தியானந்தன் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் போய் அண்ணாவிமாரைத் தேடி, விடிய விடிய ஆடும் கூத்துகளை மேடைக்கு ஏற்ற அளவாகச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே ஆடவைத்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ எல்லாம் 1960களின் பேராதனை தந்தவை. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் தமிழ் அரங்கின் பெரிய ஆசானானார். பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரு மொழியினரும் இருந்ததால், ஒருவர் ஆடியதைப் பார்த்து மற்றவர் தம் வேரைத் தேடிப் போனார்கள். பேராதனையின் சாதனை எது என்று கேட்டால் பட்டதாரிகளின் எண்ணிக்கையை நான் சொல்லமாட்டேன், இதைச் சொல்வேன்.

மாத்தளை மாவட்டத்துக்கும் இங்கே ஒரு கடன் உண்டு. சிகிரியா மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் கண்ணாடிச் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து போன யாத்திரிகர்கள் கீறிவைத்த சிங்களப் பாடல்கள் 685ஐச் செனரத் பரணவிதான வாசித்து, 1956இல் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே பேராதனையில் தொல்லியல் பேராசிரியரானார். வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இதே வளாகத்தின் மாணவர். இலங்கைத் தமிழர் வரலாற்றைக் கல்வெட்டும் அகழ்வும் கொண்டு எழுதும் முறை அவர் போன்றவர்களால் வேரூன்றியது. அப்படிப்பட்ட கண்ணோடு பார்த்தால்தான் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் நிற்கும் கெடிகே புரியும். பல்லவர் கோயில்போல் எழுந்து நிற்கும் பௌத்தக் கட்டடம் அது. மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கினார்கள்.

1960இல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழி ஆயின. அதுவரை ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் இடமாக இருந்த பேராதனைக்குக் கிராமத்துப் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். 1962இல் மருத்துவபீடம். சற்றுப் பிந்தி ஆற்றுக்கு அக்கரையில் பொறியியல்பீடம். எண்ணிக்கை பெருகப் பெருக, இடத்துக்கான போட்டி இனத்துக்கான போட்டியாக மாற்றப்பட்டது. 1971இல் தரப்படுத்தல். பொறியியலுக்குத் தமிழ் மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டும், சிங்கள மாணவருக்கு 227 போதும் என்று வந்தது. ஒரே பரீட்சை, இரு வெட்டுப்புள்ளிகள். ஒரு தலைமுறையின் நம்பிக்கையை அறுத்த கத்தி அது. அந்தக் காயத்தின் விலையை நாடு முப்பது வருடம் இரத்தத்தில் கொடுத்தது.

அடுத்து மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று பெரும்பாலான பீடங்களில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி, 5 பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை அந்தப் பதினாறில் உண்டு. மாத்தளை இல்லை. மாத்தளை நகரில் நல்ல பாடசாலைகள் இருப்பதால் மாவட்டம் முழுவதும் நன்றாகப் படிப்பதாகக் கணக்கு. அதே மாவட்டத்தில், மலைக்கு மேலே, கணித வாத்தியார் இல்லாத பாடசாலைப் பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். மாவட்டத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவு. ஏழை மாவட்டத்துக்குக் கைகொடுப்பது என்று கொண்டுவந்த ஏற்பாட்டில், மாவட்டத்துக்குள்ளே இருக்கும் ஏழை கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. மாவட்டம் என்ற அளவுகோல் மிகப் பெரியது. பாடசாலையை அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதே என் வாதம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத ஒரு கோட்டத்திலிருந்து வரும் பிள்ளையின் புள்ளியை, ஆய்வுகூடமும் டியூசனும் உள்ள நகரத்துப் பிள்ளையின் புள்ளியோடு ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

செனட் பக்கமிருந்து நடந்தால் அல்விஸ் நினைவுக் குளம். வட்டமான சிறு குளம், சுற்றிப் பூச்செடிகள், விளிம்பில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1989இல் ஒரு காலையில் இந்தக் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட இளைஞர்களின் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய பயங்கரமும் மோதிய காலம். அதற்கு ஆறாண்டு முன், 1983 மே மாதத்தில், ஜூலைக் கலவரத்துக்கு முன்பே, இதே வளாகத்தில் தமிழ் மாணவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அடித்தவர்களும் பிறகு தலை இழந்தவர்களும் பெரும்பாலும் கிராமத்து இளைஞர்கள்தான். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. தோண்டத் தோண்ட நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள். அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் முரண்பட்டார்கள். காணாமல்போன பிள்ளையைத் தேடும் மாத்தளைத் தாய்மார்கள் பலர் அந்தக் குழியோரம் வந்து நின்றார்கள்.

ஜே.வி.பி. கிளர்ச்சிக்குப் பின்தான் அரசுக்கு மாகாணம் நினைவுக்கு வந்தது. இளைஞர் அமைதியின்மை பற்றி ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை கொடுத்தது. 1991இல் மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் தொடங்கின. அவற்றிலிருந்து 1995இல் ரஜரட்ட, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களும், 1999இல் வயம்பவும் எழுந்தன. மாத்தளையின் வடக்குப் பாதிக்கு, தம்புள்ளைப் பக்கத்துப் பிள்ளைக்கு, இப்போது மிகிந்தலையில் உள்ள ரஜரட்டவும் எட்டும் தூரம்தான். பேராதனையே பல பல்கலைக்கழகங்களுக்குத் தாய்வீடு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது முதல் தலைவரான க. கைலாசபதி பேராதனை மாணவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானதும் முதல் உபவேந்தர் அதே வித்தியானந்தன். யுத்தத்தின் நடுவே அதைக் கட்டிக்காத்த அ. துரைராஜா பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்தவர்.

மதியத்துக்குப் பிறகு குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு மேடேறினேன். தமிழ் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுப்பிய முருகன் கோயில், வளாகத்தின் உயர்ந்த இடமொன்றில். தகப்பன் அங்கே எனக்கு முன்பே வந்திருந்தார். பதிவு முடிந்துவிட்டது. விடுதியில் மகளுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. அவளோடு அறையில் இருக்கப் போகிறவர்கள் மூவர்: ஒருத்தி வவுனியா, ஒருத்தி அக்கரைப்பற்று, ஒருத்தி ஹட்டன். “ஹட்டன் புள்ள ரெண்டாம் வருசம். நல்லா பேசுது. பயப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லுச்சு” என்றார். திருநீற்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலைக் கோச்சிக்கு இருவரும் சரசவி உயன மேடையில் காத்திருந்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “ஐயா எழுதுறவங்கதானே?” என்றார்.

“ஆமா அண்ணே.”

“ஒரு மனு எழுதித் தரணுங்க. சின்னவன் ஒம்பதாம் ஆண்டு படிக்கிறான். அக்காவவிட அவனுக்குக் கணக்கு நல்லா வரும். ஸ்கூல்ல போன வருசத்திலருந்து கணக்கு டீச்சர் இல்ல. அதிபர் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு, ஒண்ணும் நடக்கல. அப்பா அம்மாமாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அசையும்னு சொல்றாங்க. எங்களுக்கு அத எப்படி எழுதுறதுன்னு தெரியாது.”

என் பையில் தாள் இருந்தது. பாடசாலையின் பெயர், தோட்டத்தின் பெயர், ஒன்பதாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள், எந்த மாதத்திலிருந்து ஆசிரியர் இல்லை, பாடவேளையில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடைசிக் கணித ஆசிரியர் இடமாற்றமாகிப் போன திகதிகூட அவருக்கு நினைவிருந்தது. முதல் வரியில் ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது’ என்று நான் எழுதியதை வாசித்துக்காட்டியபோது, அது வேண்டாம் என்றார். “டீச்சர் போடணும்னு நேரா எழுதுங்க.” அடித்துவிட்டு நேராக எழுதினேன். பாடசாலைக்குக் கணித ஆசிரியரை இந்தத் தவணைக்குள் நியமிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டே ஆண்டு இருக்கிறது. கணிதம் இல்லாமல் உயர்தரம் இல்லை.

கோச்சி வந்தது. உட்கார இடம் கிடைத்தது. மூன்று பிரதி வேண்டும் என்றார்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒன்று, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒன்று, அதிபரின் கையில் ஒன்று. கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே வரிசை இலக்கம் போட்டேன். வண்டி ஆட ஆட எழுத்து கோணியது. வத்தேகம வரும்போது இரண்டாவது பிரதி பாதியில் இருந்தது. மூன்றாவதை உக்குவெலவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சொல்லி, தாளை அடுத்த பக்கம் திருப்பினேன்.